விர்ச்சுவல் மெஷின்களுக்கு மேக் முகவரி ஒதுக்குவது எப்படி?

கடையில் வாங்கும் கணினியில், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் மேக் முகவரி நெட்வொர்க் கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வந்துவிடும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. விர்ச்சுவல் மெஷின் (வி.எம்.) என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. அதற்கு அப்படி ஒரு கார்டு கிடையாது. கார்டே மென்பொருள்தான். ஆகவே அதன் முகவரியையும் ஏதோ ஒரு மென்பொருள்தான் உண்டாக்கித் தருகிறது. நான்கு வி.எம். இருக்கும்வரை இதில் பிரச்சினை ஒன்றும் வராது. நாற்பதாகி, அவை மூன்று நான்கு சர்வர்களில் பரவியதும், காரணம் பிடிபடாத கோளாறுகள் தலைகாட்டும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) கொஞ்ச நேரம் போகும், கொஞ்ச நேரம் போகாது. எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து கட்டளையிடும்) இணைப்பு நடுவில் அறுந்துவிடும். ஒரு வி.எம்-ஐ அணைத்தால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று சரியாகிவிடும்.

ஒரே டாக்டரைப் பார்க்க இரண்டு கவுண்டரில் தனித்தனி டோக்கன் புத்தகம் வைத்துக் கிழித்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? 17-ஆம் எண்ணோடு இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். வி.எம்-களை உருவாக்கி ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர்களின் நிலைமையும் இதுதான். ஒவ்வொன்றும் தன் புத்தகத்தை மட்டுமே பார்க்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறோம்: இந்த முகவரியைக் கொடுப்பது யார்? மற்றவர்கள் கொடுத்தது அவருக்குத் தெரியுமா?

முதலில் முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

மேக் முகவரி 48 பிட் நீளம். அதை எட்டு எட்டு பிட்டாக ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஹெக்ஸ் முறையில் இரண்டு இலக்கமாக எழுதுவார்கள்: 52:54:00:12:34:56. ஹெக்ஸ் என்பதால் 0 முதல் 9 வரையுள்ள எண்களோடு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற ஆறு எழுத்துகளும் வரும். இங்கே அவற்றைத் தமிழில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும்.

முதல் மூன்று பகுதிகள் நிறுவனத்தைக் குறிக்கும் முன்னொட்டு. மின்னணுத் தரங்களை வகுக்கும் ஐ.இ.இ.இ அமைப்பின் பதிவு அலுவலகம் இதைக் கட்டணத்துக்குத் தருகிறது. மீதி மூன்று பகுதிகளை அந்த நிறுவனமே நிரப்பிக்கொள்ளும். 24 பிட் என்பதால் ஒரு முன்னொட்டில் 1,67,77,216 முகவரிகள் கிடைக்கும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது முதல் பகுதியின் இரண்டாவது இலக்கத்தை. 52 என்றால் அந்த 2. முகவரியின் குணமெல்லாம் அதில் இருக்கிறது. அது ஒற்றைப்படை என்றால் (பி, டி, எஃப் ஆகியவையும் ஒற்றைப்படையே) அது மல்ட்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்) முகவரி, ஒரு தனிக் கார்டுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்க முயன்றால் லினக்ஸ் ஏற்காமல் திருப்பிவிடும். 0, 4, 8, சி என்றால் அது ஐ.இ.இ.இ-யிடம் பதிவான உலகளாவிய முகவரி. 2, 6, ஏ, இ என்றால் உள்ளூர் முகவரி. யாரிடமும் கேட்காமல், காசு கொடுக்காமல், உங்கள் நெட்வொர்க்குக்குள் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இந்த உள்ளூர் முகவரிகளை 2017-இல் வந்த 802சி தரம் மேலும் நான்காகப் பிரித்தது. 2 என்பது நெட்வொர்க் நிர்வாகி தன் விருப்பப்படி ஒதுக்குவதற்கு. ஏ என்பது ஐ.இ.இ.இ-யிடம் நிறுவன அடையாள எண் வாங்கியவர்களுக்கு. இ என்பது தரப்படுத்தப்பட்ட நெறிமுறைகள் தானாக ஒதுக்குவதற்கு. 6 பிற்காலத்துக்கு என்று விட்டுவைக்கப்பட்டது. இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் 2-ஐ எடுத்துக்கொள்வதில் நஷ்டமும் இல்லை.

எந்த எல்லைக்குள் தனித்துவம் வேண்டும்?

உலகம் முழுக்கத் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டிப் போகாது. ஒரே லேனில் (ஓர் இடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்), அல்லது ஒரே வி-லேனில் (லேனுக்குள் அமைப்பால் பிரித்த தனிப் பகுதி), இரண்டு பேருக்கு ஒரே முகவரி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

காரணம், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் வேலை செய்யும் விதம். எந்த போர்ட்டிலிருந்து எந்த முகவரி பேசியது என்று பார்த்துப் பார்த்து அது ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளும். ஒரே முகவரி 3-ஆம் போர்ட்டிலும் 9-ஆம் போர்ட்டிலும் பேசினால், கடைசியாகப் பேசியவருக்கே எல்லாத் தரவுப் பொட்டலமும் போகும். மற்றவர் வாயைத் திறந்ததும் பட்டியல் மாறும். மேலே சொன்ன 'கொஞ்ச நேரம் போகும், போகாது' கோளாறின் மூலம் இதுதான். ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். மேக் முகவரியிலிருந்தே லிங்க்-லோக்கல் முகவரியை (அந்த லேனுக்குள் மட்டும் செல்லும் ஐபி) அமைத்துக்கொள்ளும் கணினிகளில் அதுவும் இரட்டையாகிவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் வழக்கமான நாட் முறையில் ஓடும் வி.எம். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குட்டி நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. அங்கே ஐம்பது வி.எம்-க்கும் ஒரே முகவரி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அதையே பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால், அத்தனையும் அலுவலக லேனில் நேரடியாக வந்து நிற்கும். நேற்றுவரை ஓடிய லேப் இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாராவது நாட் முறையிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றினீர்களா என்றுதான்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் வி-லேன்களை எழுதி, எந்தெந்த ஹோஸ்ட் (வி.எம்-களைத் தாங்கும் சர்வர்) எந்தெந்த வி-லேனைத் தொடுகிறது என்று குறியுங்கள். ஒரு வி.எம். பிற்காலத்தில் வேறு ஹோஸ்டுக்கோ வேறு வி-லேனுக்கோ போக வாய்ப்பிருந்தால், அந்த இரண்டையும் ஒரே எல்லையாகவே கருதுங்கள். நடைமுறையில் ஒரு நிறுவனம் முழுவதையும் ஒரே எல்லையாக வைத்துக்கொள்வது எளிது. 48 பிட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

உங்கள் மென்பொருள் ஏற்கெனவே என்ன செய்கிறது?

லினக்ஸில் வி.எம். ஓட்டும் கெவிஎம், கியூஎமு உலகில் முன்னொட்டு 52:54:00. இரண்டாவது இலக்கம் 2, அதாவது உள்ளூர் முகவரி. அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக உருவாக்கினால் மீதி மூன்று பகுதிகளையும் அது குலுக்கல் முறையில் நிரப்பும். ஆனால் கியூஎமுவை நேரடியாகக் கட்டளை வரியில் முகவரி சொல்லாமல் ஓடவிட்டால், முதல் கார்டுக்கு எப்போதும் 52:54:00:12:34:56 என்பதையே கொடுக்கும். அப்படி இரண்டு வி.எம்-ஐ ஒரே பிரிட்ஜில் (மென்பொருள் ஸ்விட்ச்) மாட்டினால் மோதல் நிச்சயம்.

விர்ச்சுவல்பாக்ஸ் 08:00:27-க்குப் பின் மூன்று பகுதிகளைக் குலுக்கிப் போடும். ஜென் ஹைப்பர்வைசருக்கு 00:16:3இ. ஓப்பன்ஸ்டாக் இதன் முதல் பகுதியை மட்டும் மாற்றி எஃப்ஏ:16:3இ என்று உள்ளூர் முகவரியாக்கிக்கொண்டது. பிராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பிலிருந்து தன் பெயரில் பதிவான பிசி:24:11-ஐப் பயன்படுத்துகிறது.

விஎம்வேர் கொஞ்சம் ஒழுங்காக யோசித்திருக்கிறது. 00:50:56 முன்னொட்டில் நான்காவது பகுதி 00 முதல் 3எஃப் வரை உள்ளவை நீங்கள் கையால் கொடுப்பதற்கு. 80 முதல் பிஎஃப் வரை, பல ஹோஸ்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் விசென்டர் சர்வர்களுக்கு. ஒவ்வொரு விசென்டருக்கும் 0 முதல் 63 வரை ஒரு அடையாள எண் உண்டு. அதை ஹெக்ஸில் 80-உடன் கூட்டினால் அதன் நான்காவது பகுதி வரும். கொடுப்பவருக்கே ஒரு எண் வைத்துவிட்டார்கள், கவனியுங்கள். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். இங்கே ஓட்டை ஒன்றுதான்: இரண்டு விசென்டர்களுக்கு ஒரே அடையாள எண் அமைந்துவிட்டால் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது.

ஹைப்பர்-வி 00:15:5டி-க்குப் பின், ஹோஸ்டின் ஐபி முகவரியின் கடைசி இரண்டு எண்களை நான்காவது, ஐந்தாவது பகுதிகளாக வைக்கிறது. கடைசிப் பகுதி மட்டுமே வி.எம்-களுக்கு, ஆக ஒரு ஹோஸ்டுக்கு 256 முகவரிகள். ஒரே இமேஜிலிருந்து பல ஹோஸ்டுகளை நிறுவினால் எல்லாவற்றிலும் இந்த வரம்பு ஒன்றாகவே உட்கார்ந்திருக்கக்கூடும். விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜரில் மேக் வரம்பு என்ற பகுதியைத் திறந்து ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, குலுக்கல் முறை ஆபத்தா? 24 பிட்டில் குலுக்கினால், ஒரே எல்லைக்குள் 100 வி.எம். இருக்கும்போது எங்காவது ஒரு மோதல் நேரும் வாய்ப்பு சுமார் 0.03 சதவீதம். 1,000 என்றால் சுமார் 3 சதவீதம். 4,800-ஐத் தாண்டினால் பாதிக்குப் பாதி. சின்ன இடங்களில் குலுக்கல் போதும், பெரிய இடங்களில் போதாது. ஆனால் சின்ன இடங்களிலும் மோதல் வருகிறதே என்றால், அதற்குக் குலுக்கலைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் யாரோ ஒருவர் கோப்பை அப்படியே நகலெடுத்திருப்பார். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்களுக்கென ஒரு எண் முறை

இப்போது நமக்கான முகவரி முறையை அமைப்போம். இரண்டு விதிகள். முகவரியில் மாறக்கூடிய விஷயங்களைப் பொதிக்காதீர்கள். ஹோஸ்ட் எண்ணை உள்ளே வைத்தால், வி.எம். இடம் மாறிய அன்றே அந்த எண் பொய்யாகிவிடும். வி-லேன் எண்ணும் அப்படியே. மாறாதது எது என்றால், இந்த முகவரியை முதன்முதலில் ஒதுக்கியவர் யார் என்பது. அதை வையுங்கள்.

இரண்டாவது விதி என் சொந்த விருப்பம்: ஹெக்ஸ் எழுத்துகளைத் தொடாமல் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை மட்டும் பயன்படுத்துங்கள். கொஞ்சம் இடம் வீணாகும், போகட்டும். போனில் ஒருவருக்கு முகவரி படித்துச் சொல்லும்போது 'பி'யா 'டி'யா என்று கத்திக்கொண்டிருக்க வேண்டாம். பதிவேட்டைப் பார்க்காமலே முகவரியிலிருந்து விவரம் புரியும்.

ஒரு மாதிரி:

32:01:04:25:05:71

32 நம்முடைய முன்னொட்டு. இரண்டாவது இலக்கம் 2 என்பதால் உள்ளூர் முகவரி, நிர்வாகி ஒதுக்கும் வகை. 01 என்பது முகவரியை ஒதுக்கிய இடம்: தலைமை அலுவலகம், கிளை, லேப் என்று உங்கள் வசதிப்படி. 04 என்பது ஒதுக்குபவர் எண். ஒரு ஹைப்பர்வைசர் குழுவுக்கு ஒரு எண், தானியங்கி ஸ்கிரிப்டுக்கு ஒரு எண், கையால் ஒதுக்கும் நிர்வாகிக்கு ஒரு எண். 25 என்பது ஒதுக்கிய ஆண்டு. அடுத்த 057 வி.எம்-இன் வரிசை எண். கடைசி 1 கார்டு எண். முதல் கார்டு 0, இரண்டாவது 1.

ஒரு ஒதுக்குபவர் ஓர் ஆண்டுக்கு 999 வி.எம்-களுக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கார்டுவரை கொடுக்கலாம். அடுத்த ஆண்டு வரிசை எண் மறுபடி 001-இலிருந்து தொடங்கலாம். ஆண்டு உள்ளே இருப்பதால் பழைய முகவரி திரும்ப வராது. இரண்டு ஒதுக்குபவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே வேலை செய்யலாம். புத்தகம் இரண்டாக இருந்தாலும், புத்தகத்தின் எண் டோக்கனிலேயே இருக்கிறது.

32 பிடிக்கவில்லை என்றால் 12, 72, 92 என்று எதையும் எடுக்கலாம். 52:54 வேண்டாம், கியூஎமுவின் இடம். 02:42 வேண்டாம், டாக்கர் பயன்படுத்துவது. 02:60 பக்கமும் போகாதீர்கள். 1980-களின் 3காம் கார்டுகள் 02:60:8சி என்ற முன்னொட்டோடு வந்தன. இப்போது அவை எங்கேயும் ஓடப்போவதில்லை என்றாலும், அலசிப் பார்க்கும் கருவிகள் உங்கள் வி.எம்-ஐ 3காம் என்று காட்டிக் குழப்பும். எந்தக் காரணத்துக்காகவும் இன்னொரு நிறுவனத்தின் பதிவான முன்னொட்டைக் கடன் வாங்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் சேரும்போது குலுக்கல் முகவரி வைத்துக்கொள்கின்றன. அவையும் உள்ளூர் முகவரிகளே. உங்கள் முறையோடு மோதுமா என்று கேட்டால், கணக்கில் எடுக்கும் அளவுக்கு வாய்ப்பில்லை.

பதிவேடு

இதற்கு ஒரு விரிதாளே போதும். முகவரி, வி.எம். பெயர், கார்டு எண், யார் ஒதுக்கியது, எந்தத் தேதி, இப்போது உயிரோடு இருக்கிறதா. முகவரிப் பத்தியில் இரட்டிப்பு வந்தால் சிவப்பாகக் காட்டும்படி அமைத்துவிடுங்கள். வி.எம்-கள் நூறைத் தாண்டினால் நெட்பாக்ஸ் மாதிரியான திறந்த மூலக் கருவிக்குப் போகலாம். அழித்த வி.எம்-இன் வரிசையை நீக்காதீர்கள்; 'ஓய்வு' என்று குறித்து வையுங்கள். டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகத் தரும் முறை) ஒதுக்கீடு, ஃபயர்வால் விதி, மேக் முகவரியோடு கட்டிய மென்பொருள் உரிமம் என்று பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

எழுதும் விதத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் முக்காற்புள்ளி போடும், விண்டோஸ் சிறுகோடு போடும், சிஸ்கோ ஸ்விட்ச் 3201.0425.0571 என்று நான்கு நான்காகப் புள்ளி வைக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் எதுவும் இல்லாமல் பன்னிரண்டு இலக்கத்தையும் ஒட்டி எழுதும். பதிவேட்டில் ஒரே வடிவம் இல்லாவிட்டால் இரட்டிப்பு கண்ணில் படாது.

எண்கள் மட்டுமே உள்ள முகவரியில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். அன்சிபிள் போன்ற தானியங்கி நிர்வாகக் கருவிகள் யாமல் என்ற வடிவில் எழுதிய அமைப்புக் கோப்புகளைப் படிக்கின்றன. யாமல் 1.1 பதிப்பில் முக்காற்புள்ளியிட்ட எண்கள் அறுபதடிமான எண்ணாகக் கருதப்படும், மணி நிமிடம் வினாடி கணக்கு போல. முதல் பகுதி 0-இல் தொடங்காமல், மற்ற பகுதிகள் எல்லாம் 59-க்குள் இருந்தால் போதும். 52:54:00:12:34:56 என்பதை மேற்கோள் குறியில்லாமல் எழுதினால் அது 41135085296 என்ற எண்ணாக மாறிவிடும். நம் மாதிரியில் 71 இருப்பதால் தப்பித்தது. அதுவே 05:40 என்று முடிந்திருந்தால் மாட்டியிருக்கும். ஒரு வி.எம்-க்கு வேலை செய்து அடுத்ததற்குச் செய்யாத விசித்திரம் இப்படித்தான் வரும். யாமல் கோப்பில் மேக் முகவரியை எப்போதும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

முகவரியைக் கொடுப்பது

விர்ச்சுவல்பாக்ஸில் வி.எம்-ஐ அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் மேல்நிலை அமைப்புகளில் மேக் அட்ரஸ் கட்டம் இருக்கும். பிராக்ஸ்மாக்ஸில் ஹார்டுவேர் பக்கத்தில் நெட்வொர்க் சாதனத்தைத் திருத்தினால் அதே கட்டம். குழு முழுவதற்கும் முன்னொட்டை மட்டும் மாற்ற, டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் மேக் முன்னொட்டு என்ற அமைப்பு உண்டு. லிப்விர்ட்டில் வி.எம்-இன் எக்ஸ்எம்எல் விவரத்தில், இன்டர்ஃபேஸ் பகுதிக்குள் மேக் வரியை மாற்றுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டால் புதிதாக ஒன்றை அதுவே குலுக்கிப் போடும். விஎம்வேரில் அடாப்டர் அமைப்பில் மேனுவல் என்பதைத் தேர்ந்து, மேலே சொன்ன 00 முதல் 3எஃப் வரம்புக்குள்ளேயே இருந்துகொள்ளுங்கள். நம் முறையிலிருந்து இடத்தையும் ஆண்டையும் கழித்துவிட்டு 00:50:56:04:05:71 என்று சுருக்கலாம்.

வி.எம்-க்குள்ளே, அதாவது விருந்தினர் இயங்குதளத்தில், முகவரியை மாற்றுவதைத் தவிருங்கள். முடியும் என்பது உண்மை. ஆனால் ஹைப்பர்வைசருக்குத் தெரிந்த முகவரி ஒன்று, வி.எம். பேசும் முகவரி வேறு என்றாகிவிடும். விஎம்வேரில் பாதுகாப்பு அமைப்பு இதைப் போலி அனுப்பல் என்று நினைத்து வெட்டிவிடலாம்.

லினக்ஸ் ஹோஸ்டில் எஃப்இ:54:00 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வி.எம்-இன் கார்டுக்கு எதிர்முனையில், ஹோஸ்ட் பக்கம் இருக்கும் டேப் இன்டர்ஃபேஸ் அது. லினக்ஸ் பிரிட்ஜ், தனக்கென முகவரி கொடுக்கப்படாவிட்டால், தன்னோடு சேர்ந்தவற்றில் மிகச் சிறிய முகவரியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். வி.எம். ஒன்றைத் தொடங்கியதும் ஹோஸ்டின் முகவரியே மாறிப்போகாமல் இருக்க, லிப்விர்ட் வேண்டுமென்றே பெரிய எண்ணை முன்னால் போடுகிறது.

நகலெடுக்கும்போது

மோதல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கல்லூரி லேபில் ஒரு வி.எம்-ஐ அழகாகத் தயார் செய்து, அந்தக் கோப்புறையை அப்படியே எல்லாக் கணினிகளுக்கும் காப்பி செய்வது வழக்கம். முகவரியும் அந்த அமைப்புக் கோப்புக்குள்தான் இருக்கிறது. அதுவும் கூடவே போகும்.

கோப்புறையைக் காப்பி செய்வதற்குப் பதில், குளோன் வசதியையோ ஏற்றுமதி, இறக்குமதி வசதியையோ பயன்படுத்துங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இறக்குமதித் திரையில் மேக் முகவரிக் கொள்கை என்று ஒரு தேர்வு வரும். எல்லாக் கார்டுகளுக்கும் புதிய முகவரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், நகலெடுத்த வி.எம்-ஐ முதன்முறை திறக்கும்போது 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று கேட்கும். அவசரத்தில் நகர்த்தினேன் என்று அழுத்துபவர்கள் அதிகம். நகர்த்தினேன் என்றால் பழைய முகவரியே இருக்கும், நகலெடுத்தேன் என்றால் புதியது வரும். லிப்விர்ட்டின் விர்ட்-குளோன் தானாகவே புதியதைக் கொடுத்துவிடும்.

அப்புறம், மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் இரண்டு வி.எம்-க்கு ஒரே ஐபி கிடைக்கிறதா? உபுண்டு சர்வரில் இது அடிக்கடி நடக்கும். அங்கே டிஎச்சிபி கேட்கும்போது மேக் முகவரியை அடையாளமாகச் சொல்வதில்லை. எட்சி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தைச் சொல்கிறது. நகலில் அந்தக் கோப்பும் நகலாகியிருக்கும். டிஎச்சிபி சர்வரின் பார்வையில் இருவரும் ஒருவரே. டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து வையுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது புதிதாக உருவாகும். அல்லது உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக்கைப் பயன்படுத்தச் சொல்லலாம். விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி மெஷின்-ஐடியோடு எஸ்.எஸ்.எச். சாவிகளையும் சேர்த்துத் துடைத்துக் கொடுக்கும்.

இதே கோப்பு இன்னொரு இடத்திலும் காலை வாரும். சிஸ்டம்டி (கணினியைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள லினக்ஸில், பிரிட்ஜ் போன்ற மென்பொருள் இன்டர்ஃபேஸ்களின் மேக் முகவரி, மெஷின்-ஐடியையும் இன்டர்ஃபேஸ் பெயரையும் சேர்த்துக் கணக்கிடப்படலாம். மெஷின்-ஐடி ஒன்று, பிரிட்ஜின் பெயரும் ஒன்று என்றால் வருகிற முகவரியும் ஒன்றுதான். வி.எம்-களை விட்டுவிட்டு ஹோஸ்டுகளையே நகலெடுத்து நிறுவியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கன்டெய்னர்கள்

கன்டெய்னர்களை (முழு வி.எம். இல்லாமல் தனித்து ஓடும் நிரல் பெட்டிகளை) ஓட்டும் டாக்கர் நெடுங்காலம் 02:42-க்குப் பின் கன்டெய்னரின் ஐபி முகவரியையே நான்கு பகுதிகளாக வைத்து வந்தது. 172.17.0.2 என்றால் 02:42:ஏசி:11:00:02. பத்து ஹோஸ்டுகளில் பத்துக் கன்டெய்னர்களுக்கு இதே முகவரி இருக்கும். எல்லாமே அவரவர் ஹோஸ்டின் உள் பிரிட்ஜுக்குள் இருப்பதால் யாருக்கும் பாதகமில்லை. மேக்விலான் முறையில் கன்டெய்னரை நேரடியாக அலுவலக லேனில் விட்டால்தான் அது உங்கள் பதிவேட்டுக்குள் வர வேண்டும்.

சரியான முகவரி கொடுத்தும் பேசவில்லையா?

வழியில் யாராவது காவல் இருக்கலாம். வைஃபை அணுகல் புள்ளி, தன்னோடு சேர்ந்த சாதனத்தின் முகவரியைத் தவிர வேறொன்றை ஏற்காது. லேப்டாப் வைஃபை வழியாக வி.எம்-ஐ பிரிட்ஜ் செய்ய முயன்று தோற்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஸ்விட்ச்சில் போர்ட் பாதுகாப்பு போட்டு, ஒரு போர்ட்டுக்கு ஒரு முகவரி என்று வைத்திருப்பார்கள். அதன் பின்னால் ஹைப்பர்வைசர் வந்தால் போர்ட் அணைந்துவிடும். வாடகைக்கு எடுத்த சர்வர்களில் சேவையாளர் கொடுத்த முகவரி தவிர மற்றவை வெட்டப்படுவது சகஜம். அங்கே உங்கள் எண் முறையை ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் தரும் முகவரியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஹைப்பர்-வி-யில் வி.எம்-க்குள் இன்னொரு ஹைப்பர்வைசர் ஓட்டினால், மேக் ஸ்பூஃபிங் (வேறு முகவரியில் பேசுவது) அனுமதியை இயக்க வேண்டும்.

இரட்டை முகவரி என்று சந்தேகம் வந்தால் ஸ்விட்ச்சின் பதிவைப் பாருங்கள். ஒரே முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுவதாக எச்சரிக்கை இருந்தால் ஏறக்குறைய உறுதி. வி.எம். இடம் மாறும்போதும் ஒருமுறை தாவும். திரும்பத் திரும்பத் தாவினால்தான் சிக்கல். ஸ்விட்ச்சைத் தொட அனுமதி இல்லையென்றால், எல்லா ஹோஸ்டுகளிலிருந்தும் முகவரிப் பட்டியலை எடுத்து ஒன்றாக வரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்து ஒரே வரி இரண்டு முறை வருகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

ஐ.இ.இ.இ-யிடம் எப்போது போக வேண்டும்?

உங்கள் சொந்த நெட்வொர்க்குக்காக ஒருபோதும் வேண்டாம். ஆனால் நீங்களே ஹைப்பர்வைசரோ, விர்ச்சுவல் ரவுட்டரோ, கார்டைப் போல நடிக்கும் வேறு மென்பொருளோ செய்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அது எந்த நெட்வொர்க்கில் ஓடும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது பதிவு செய்த முன்னொட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

மூன்று அளவுகளில் கிடைக்கும். எம்.ஏ-எல் என்பது 24 பிட் முன்னொட்டு, 1.67 கோடி முகவரிகள். எம்.ஏ-எம் 28 பிட், 10,48,576 முகவரிகள். எம்.ஏ-எஸ் 36 பிட், 4,096 முகவரிகள். இவை தவிர, உலகளாவிய முகவரி உண்டாக்கப் பயன்படாத, உள்ளூர் முகவரிகளுக்கு முன்னொட்டாக வைக்கக்கூடிய நிறுவன அடையாள எண்ணும் உண்டு. முன்பு சொன்ன 'ஏ' வகை அதற்குத்தான்.

மென்பொருளுக்கு எம்.ஏ-எஸ் வாங்குவது பெரும்பாலும் தவறான சிக்கனம். 4,096-க்குள் குலுக்கினால் நூறு வி.எம்-க்குள் மோதல் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம், வரிசையாகக் கொடுக்கவோ வாடிக்கையாளர்களின் சர்வர்கள் உங்களைக் கேட்பதில்லை. 24 பிட்டை வாங்கினாலும், முன்னொட்டை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளும்படி ஓர் அமைப்பை வைத்துவிடுங்கள். பிராக்ஸ்மாக்ஸிலும் ஓப்பன்ஸ்டாக்கிலும் அது இருக்கிறது. தனக்கென எண் முறை வைத்திருக்கும் நிர்வாகி நிறுவி முடித்ததும் முதலில் தேடுவது அந்த அமைப்பைத்தான்.